தட்டைக் கவிழ்த்தால் தீர்ப்பு

மாதையன் தன் வீட்டுக்குள் எந்த வாதத்திலும் தோற்றதில்லை. அதற்காக அவரைப் பெரிய வாய்வீச்சுக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். நல்லம்பள்ளிக்கும் வத்தல்மலைக்கும் நடுவே, குட்டியானை என்று எல்லாரும் கூப்பிடும் சின்ன சரக்கு வண்டி ஓட்டுகிற மனுஷன் அவர். ஏறும்போது மளிகையும் சிமெண்டும், இறங்கும்போது சாமை மூட்டையோ சாமந்திப் பூவோ. வெளியில் யாராவது எதிர்த்துப் பேசினால் தலையைச் சொறிந்துகொண்டு, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்ங்க என்று ஒதுங்கிவிடுவார். வீட்டுக்குள் வந்தால்தான் சிங்கம். அந்தச் சிங்கத்துக்குப் பல்லும் கிடையாது, நகமும் கிடையாது. அதனிடம் இருந்ததெல்லாம் ஒரு எவர்சில்வர் தட்டு.

பேச்சு தனக்கு எதிராகத் திரும்புகிறது என்று தெரிந்தால் போதும். "எனக்குச் சோறு வேணாம்" என்று சொல்லித் தட்டைக் கவிழ்த்து வைத்துவிடுவார். கத்த மாட்டார். கை ஓங்குகிற பழக்கம் அறவே கிடையாது. கவிழ்த்த தட்டுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் சொன்னது சரியா தப்பா என்று யார் கேட்பது? சாப்பிடுவாரா மாட்டாரா என்பதல்லவா கேள்வியாகிவிடுகிறது. மனைவி மலர்விழி கொஞ்ச நேரம் பார்ப்பாள், பிறகு அவர் பக்கத்துக்கு வந்துவிடுவாள். தட்டு நிமிரும்.

மகள் சுசித்ரா பிறந்தது செவ்வாய்க்கிழமையா புதன்கிழமையா என்று ஒருமுறை பேச்சு வந்தது. பெற்றவள் செவ்வாய் என்றாள். ஆஸ்பத்திரி வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் புதன் என்றார். தட்டு கவிழ்ந்தது. அன்றிலிருந்து சுசித்ரா புதன்கிழமை பிறந்தவள்.

இதெல்லாம் சிரிப்புச் சங்கதியாக இருந்த காலம் ஒன்று உண்டு. மாதையனுக்குச் சர்க்கரை வந்த பிறகு சிரிப்பு நின்றுபோனது. ஒருநாள் மாத்திரையை விழுங்கிவிட்டு, ஏதோ ஒரு வீம்பில் தட்டைக் கவிழ்த்தவர், கொஞ்ச நேரத்தில் சர்க்கரை இறங்கி, உடம்பெல்லாம் வேர்த்து அப்படியே சுவரோரம் சரிந்துவிட்டார். மலர்விழி சர்க்கரைத் தண்ணீரை வாயில் ஊற்றி, கன்னத்தைத் தட்டித் தட்டி, கண் திறப்பதற்குள் பாதி உயிர் போய்விட்டது அவளுக்கு. கண் திறந்ததும் அவர் செய்த முதல் காரியம் அவளைப் பார்த்துச் சிரித்ததுதான். அவள் அழுதுகொண்டே களியை உருட்டி உருட்டி ஊட்டினாள். எதற்காகச் சண்டை போட்டோம் என்பது இருவருக்குமே மறந்துவிட்டது.

மறக்காதது அந்தப் பயம். அதன்பிறகு அந்த வீட்டில் வாதம் என்ற ஒன்றே நடக்கவில்லை. அவர் தட்டின் விளிம்பைத் தொட்டாலே போதும், எல்லாரும் சரி என்று சொல்லிவிடுவார்கள். மாதையன் அதைப் பயம் என்று நினைக்கவில்லை. வயசாக வயசாகத் தன் பேச்சுக்கு வீட்டில் மரியாதை கூடிவருகிறது என்று நினைத்துக்கொண்டார், பாவம்.

இந்த நிலைமையில்தான் அவருக்குக் கண் மங்க ஆரம்பித்தது.

முதலில் கண்டுபிடித்தது சுசித்ரா. தர்மபுரியில் காலேஜ் முடிந்து வந்தவள், பைபாஸ் ஓரம் பஸ் ஸ்டாப்பில் நின்று அப்பாவின் வண்டியைப் பார்த்துக் கை காட்டினாள். துப்பட்டாவைக் கழற்றி வீசியும் காட்டினாள். வண்டி நேராக அவளைத் தாண்டிப் போய்விட்டது. கண்ணாடியில் பார்த்தாவது நிறுத்துவார் என்று கொஞ்ச தூரம் பின்னாலேயே ஓடிப் பார்த்தாள். நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் கோபப்படவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகத்தான் சொன்னாள். சர்க்கரை இருக்கிறவர்களுக்குக் கண்ணில் கோளாறு வரும், ஆரம்பத்திலேயே காட்டிவிட்டால் காப்பாற்றிக்கொள்ளலாம், தர்மபுரியில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம், அதுவரைக்கும் மலைக்கு வண்டி எடுக்க வேண்டாம் என்றாள். எல்லாம் சரியாக இருந்தது. சரியாக இருந்ததுதான் மாதையனுக்குப் பொறுக்கவில்லை. வண்டி ஓட்டாத மாதையனை அவருக்கே அடையாளம் தெரியாது. கண் சரியில்லை என்று ஒருதரம் வாயால் ஒப்புக்கொண்டால், அடுத்து சாவியைக் கேட்பார்கள், அதற்கடுத்து கையைப் பிடித்து ரோட்டைத் தாண்ட வைப்பார்கள்.

"நீ கையே காட்டல" என்றார்.

"காட்டினேன்ப்பா. துப்பட்டாகூட..."

தட்டு கவிழ்ந்தது. மாத்திரையை அப்போதுதான் விழுங்கியிருந்தார். மலர்விழி மகளைப் பார்த்தாள். சுசித்ரா தட்டைப் பார்த்தாள். பிறகு, "ஆமாப்பா, நான் கை காட்டல. ஒங்க கண்ணு நல்லாத்தான் இருக்குது. சாப்புடுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மாதையன் தட்டை நிமிர்த்திக் களியை வாங்கிக்கொண்டார். ஒரு சொட்டு மருந்து இல்லாமல், ஒரு வேளைச் சோற்றை மறுத்தே பார்வையைத் திரும்ப வாங்கிய ஆள் இந்த ஜில்லாவிலேயே அவர் ஒருவராகத்தான் இருக்கும். அன்றைக்குக் கீரைக் குழம்பு ருசியாகக்கூட இருந்தது.

அதற்குப் பிறகு மலர்விழி வண்டியில் கூட வர ஆரம்பித்தாள். ஒருநாள் மலையில் தேன் வாங்க வேண்டும் என்றாள். இன்னொரு நாள், வீட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து கால் மரத்துப்போகிறது என்றாள். காரணம் தீர்ந்துபோன பிறகு காரணம் சொல்லாமலே ஏறி உட்கார்ந்தாள். மாதையனுக்கு உள்ளூர சந்தோஷம். கல்யாணமான புதிதில்கூட இப்படிப் பக்கத்தில் உட்கார்ந்து ஊர் சுற்றியதில்லை. அவளுக்குப் பேச்சும் கூடியிருந்தது. அதோ மேலே பஸ் இறங்குது பாருங்க, பெரிய பஸ்ஸு. இந்த ஓரத்துல எவ்வளவு ஆடு பாருங்க, அந்தப் பையன் ஓட்டவே தெரியாம ஓட்டறான். ரோட்டுல கல்லு கொட்டி வச்சிருக்காங்க பாருங்க, இதெல்லாம் யாரு கேக்கறது. இப்படி மலை ஏறி இறங்கும்வரை வாய் ஓயாது. இத்தனை வருஷமாக வாயே திறக்காதவளுக்கு மலைக்காற்று பட்டதும் குஷி வந்துவிட்டது என்று அவர் நினைத்தார். அவள் சொன்னதும் தானாகக் கால் பிரேக்குக்குப் போனதை அவர் கவனிக்கவே இல்லை.

இப்போது முனியப்பனைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலைப்பாதையில் ஒரு திருப்பத்தில் சுண்ணாம்பு அடித்து, சிவப்புத் துணி கட்டி, ரோட்டைப் பார்த்தபடி முனியப்பன் உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பாதையில் ஓட்டுகிற எல்லா டிரைவரும் அவரைக் கண்டால் ஹாரன் அடித்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் போவார்கள். மாதையனுக்கு அது கும்பிடு மட்டுமில்லை. இறங்கும்போது முனியப்பனைத் தாண்டியதும் கொண்டை ஊசி வளைவு. கும்பிட்ட கை திரும்பி வந்ததும் கியரைக் குறைப்பார், ஸ்டீயரிங்கை வலது பக்கம் ஒடிப்பார். யோசித்துச் செய்வதில்லை, கை பாட்டுக்குச் செய்யும்.

அன்று பகல் சாப்பாட்டு நேரம் தாண்டி, சாமை மூட்டை ஏற்றிக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தார்கள். வெயில் எதிரில் அடித்தது. மாதையன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஓட்டினார். வெள்ளையாக ஒன்று, அதன் தலையில் சிவப்பாக ஒன்று தெரிந்தது. வந்துட்டாரு நம்ம ஆளு என்று ஹாரன் அடித்தார். கையை எடுத்து நெற்றியில் வைத்து, சுசித்ரா நல்லா இருக்கணும் என்று வழக்கம்போல வேண்டிக்கொண்டார். கை திரும்பி வந்தது. கியரைக் குறைத்தார். ஸ்டீயரிங்கை ஒடித்தார்.

"என்னங்க, ஆடு. ஆடுங்க."

பிரேக்கை மிதித்த மிதியில் பின்னால் மூட்டைகள் முட்டிக்கொண்டு வந்தன. வண்டி குலுங்கி நின்றது. மாதையன் தலையை வெளியே நீட்டி ஆட்டைத் தேடினார். ஆடும் இல்லை, குட்டியும் இல்லை. முன் சக்கரத்துக்கு எதிரே முழங்கால் உயரக் கட்டைச் சுவர் இருந்தது. அதற்கு அந்தப்பக்கம் ஒன்றுமே இல்லை. கீழே எங்கேயோ மரங்களின் உச்சி பச்சைப் புகையாகத் தெரிந்தது.

வளைவு எங்கே போயிற்று? ரோடு நேராக இருந்தது.

"ஆடு எங்க?" என்றார்.

"ஓடிப் போச்சுங்க."

அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு கையாலும் முன் பலகையைப் பிடித்திருந்தாள், விரல் நுனியெல்லாம் வெளுத்திருந்தது. பக்கத்தில் இருந்ததால் அது மட்டும் அவருக்கு நன்றாகத் தெரிந்தது.

மாதையன் வண்டியைப் பின்னால் எடுத்து மலை ஓரமாக நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்தார். "மலரு, இப்ப நான் ஒரு கும்புடு போட்டனே, அது யாருக்கு?" என்று கேட்டார்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "முனியப்பனுக்குத்தாங்க" என்றாள்.

அவர் வந்த வழியே திரும்பி நடந்தார். வெள்ளையாக இருந்ததைக் கிட்டே போய்த் தொட்டார். புதிதாக வைத்த பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி. அதன் தலையில் யாரோ துவைத்துக் காயப்போட்ட சிவப்புத் துண்டு. இன்னும் ஈரமாக இருந்தது. தொட்டிக்கு அடியில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. மகளுக்காக வேண்டிக்கொண்டதைத் தண்ணீர்த் தொட்டியிடம் சொல்லியிருக்கிறோமே என்று முதலில் சிரிப்புதான் வந்தது. அடுத்து வந்தது சிரிப்பு இல்லை.

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. இது தொட்டி என்று தெரியும், வளைவு இன்னும் வரவில்லை என்று தெரியும், அந்தப்பக்கம் பள்ளம் என்று தெரியும். செத்துப்போக இருந்த நேரத்தில்கூட அது வளைவு இல்லை என்று அவள் வாயில் வரவில்லை. ஆடு என்றுதான் வந்தது. இல்லாத ஆட்டைச் சொன்னால் தட்டு கவிழாது. தப்பு என்று சொன்னால் கவிழும். அப்படியானால் இத்தனை நாளாக இந்த மலையில் குறுக்கே வந்த ஆடெல்லாம், பஸ்ஸெல்லாம்?

திரும்பி வந்து வண்டிப் படியில் உட்கார்ந்தார். வீட்டில் எல்லாரையும் ஜெயித்து ஜெயித்து, நிஜத்தைச் சொல்ல ஒரு ஆள் இல்லாமல் பண்ணிவிட்டோம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அந்த நேரத்தில் தன் கண்ணைவிட அதுதான் அவருக்குப் பெரிய பயமாக இருந்தது.

"மலரு, நெசத்தைச் சொல்லு. எனக்குக் கண்ணு தெரியலையா?"

மலர்விழி சீட்டுக்குக் கீழே இருந்த சோற்றுத் தூக்குப்போசியை எடுத்தாள். இறங்கி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து மூடியைத் திறந்து, புளிச்சோற்றை அதிலேயே அள்ளி வைத்தாள். "மொதல்ல சாப்புடுங்க" என்றாள்.

"சொல்லு மொதல்ல."

"நீங்க சாப்புட்டு முடிங்க. அப்பறம் சொல்லறேன்."

வாழ்க்கையில் முதல்முறையாக அவருக்கு எதிரில் வேறு ஒருவர் சோற்றை வைத்துப் பேரம் பேசினார். மாதையன் அவளைப் பார்த்தார், அவள் முகம் கலங்கலாகத் தெரிந்தது, கண்ணீராலா வேறு எதனாலா என்று அவருக்கே தெரியவில்லை. சாப்பிட ஆரம்பித்தார். அவள் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள், விக்கினபோது முதுகைத் தடவினாள். கடைசிப் பருக்கை வரைக்கும் விடாமல் சாப்பிட வைத்தாள். போசியைத் தலைகீழாகத் தட்டிக் காட்டியபிறகுதான் அவளுக்குத் தைரியம் வந்தது. இனி மறுப்பதற்கு அவரிடம் ஒரு வாய்ச் சோறு இல்லை.

"தெரியலீங்க" என்றாள். "ரொம்ப நாளாவே தெரியல. சுசி கை காட்டினது நெசம். இப்ப நீங்க கும்புட்டது தண்ணித் தொட்டி. ஆடு வரல. முந்தி வந்ததுல பாதி ஆடும் வரல, நீங்க மெதுவாப் போவணும்னு நானா சொன்னதுங்க."

"அன்னைக்கு சுசி கண்ணு நல்லாத்தான் இருக்குதுன்னப்ப நீயும்தான ஒத்துக்கிட்ட?"

"நான் எங்கீங்க ஒத்துக்கிட்டேன்? பயந்தேன். நீங்க வுழுந்து கெடந்ததைப் பாத்தவ நான். பயந்ததை ஒத்துக்கிட்டதா நெனச்சுக்கிட்டீங்க." போசியை மூடி வைத்துவிட்டு, "தெனமும் பக்கத்துல வந்து உக்காந்தது எதுக்கு தெரியுங்களா? காப்பாத்த முடிஞ்சா காப்பாத்தறது. முடியலைன்னா நீங்க மட்டும் தனியாப் போவக்கூடாது" என்றாள்.

அவள் அதைக் குழம்புக்கு உப்புப் போதுமா என்று கேட்கிற குரலில்தான் சொன்னாள். மாதையன் தலையைக் குனிந்துகொண்டு அழுதார். ஐம்பது வயசைத் தாண்டிய மனுஷன் ரோட்டோரத்தில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதார். அவள் அழவேண்டாம் என்று சொல்லவில்லை. அவருடைய எச்சில் கையைக் கழுவிவிட்டாள்.

அழுது முடித்ததும் போனை எடுத்து மகளைக் கூப்பிடச் சொன்னார். மலர்விழி நம்பரைப் போட்டுக் கொடுத்தாள். சுசித்ரா எடுத்ததும் கேட்ட முதல் கேள்வி, சாப்டீங்களாப்பா என்பதுதான். அது அவரைக் கத்தி மாதிரி கீறியது. சாப்பிட்டேன் கண்ணு என்றார். அன்னைக்கு நீ கை காட்டினியா என்று கேட்டார்.

அந்தப்பக்கம் அவள் மெதுவாக, "இல்லப்பா. ஒங்க கண்ணு நல்லாத்தான் இருக்குது" என்றாள்.

மாதையன் போனை மனைவியிடம் நீட்டினார். "நீயே சொல்லு. நான் கேட்டா அது நெசம் பேசாது." மலர்விழி போனை வாங்கி, அப்பா சாப்பிட்டாச்சு, பாத்திரம் காலி, கவிழ்க்க ஒன்றும் இல்லை, தைரியமாகச் சொல்லு என்று சொல்லி, போனைத் திரும்ப அவர் காதில் வைத்தாள். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை அழுதுகொண்டே கொட்டித் தீர்த்தது. துப்பட்டாவைக் கழற்றி வீசியது, பின்னாலேயே ஓடியது, பஸ் ஸ்டாப்பில் இருந்தவர்கள் சிரித்தது எல்லாவற்றையும். அவர் குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டார். நாளைக்குக் காலையில் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போ என்றார். திட்டம் போட்டவள் மாதிரி அவள் உடனே, பஸ்ஸில்தான் போகிறோம் என்றாள். சரி என்றார்.

வண்டியைக் கீழே இறக்குவதற்கு ஆரோக்கியராஜைக் கூப்பிட்டார்கள். அவரும் இதே மலையில் குட்டியானை ஓட்டுகிறவர், மாதையனோடு ஒன்றாகத் தொழில் பழகியவர். மேலே ஏறும் பஸ்ஸில் வந்து இறங்கினார். கட்டைச் சுவருக்கு எதிரே மண்ணில் பதிந்திருந்த சக்கரத் தடத்தைப் பார்த்தார், சிலுவை போட்டுக்கொண்டார். சாவிக்காகக் கையை மட்டும் நீட்டினார்.

சாவியைக் கொடுக்கிற அந்த ஒரு நொடி மாதையனுக்கு வலிக்கத்தான் செய்தது. இல்லை என்று சொன்னால் பொய். டிரைவர் சீட்டுக் கதவைத் திறக்கப்போன கையை இழுத்துக்கொண்டு, சுற்றிவந்து அந்தப்பக்கம் ஏறினார். நடுவில் அவர், ஜன்னல் ஓரம் மலர்விழி. மூன்று பேரும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். வண்டி நகர்ந்தது.

கொஞ்ச தூரம் போனதும் மாதையன் எதிரே கையைக் காட்டினார். "அங்க நிக்கறது மாடு."

மலர்விழி அவர் முகத்தைப் பார்த்தாள். பழக்கதோஷத்தில் ஆமாங்க என்று வாய்வரை வந்துவிட்டது. விழுங்கினாள். "இல்லீங்க" என்றாள். "பாறை."

"அப்படியா" என்றார் அவர். ஆரோக்கியராஜ் ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினார்.

அடுத்து ஒன்றைக் காட்டி, அது வேலிக் கம்பம் என்றார். இல்லீங்க, ஆளு ஒருத்தர் குந்தியிருக்காரு என்றாள். இரண்டாவது தடவை சொல்லும்போது குரல் கொஞ்சம் நிமிர்ந்திருந்தது. மூன்றாவது தடவை சிரித்தேவிட்டாள். எத்தனையோ வருஷம் கழித்து அந்த மனுஷன் வரிசையாகத் தோற்றுக்கொண்டு வந்தார். தோற்கத் தோற்க நெஞ்சில் இருந்த பாரம் ஒவ்வொரு மூட்டையாக இறங்கிக்கொண்டு வந்தது.

அடிவாரம் வந்துவிட்டது. ரோடு அகலமானது. எதிரே ஒரு பஸ், பச்சை பஸ், வெகு கிட்டத்தில் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. அது மாதையனுக்கு நன்றாகவே தெரிந்தது.

"லாரி ஒண்ணு வருது பாரு" என்றார்.

"இல்லீங்க" என்றாள் மலர்விழி.

அதைக் கேட்பதற்காகத்தான் அவர் தப்பாகச் சொன்னார்.